விலா எலும்பின் கீழ் இருக்க வேண்டிய கறுப்பு

1. வெள்ளைப் படங்கள்

லீவு முடிந்து வேலைக்கு வந்த காலையில் என் கணினியில் மூன்று ஸ்கேன் படங்கள் காத்திருந்தன. மூன்று நாம்பன் மாடுகளின், அதாவது இளங்காளைகளின், முதுகுப் படங்கள். அந்த மூன்று மாடுகளும் அதே நேரத்தில் நுவரெலியாப் பக்கமிருந்து லொறியில் கொழும்புக்கு வந்துகொண்டிருந்தன. படங்களைப் பார்த்த உடனே கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டேன். மூன்றும் பனி கொட்டியது போல வெள்ளையாக இருந்தன.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ஆகவே வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பவானி. வீடு வெள்ளவத்தை. வேலை செய்தது கொட்டாஞ்சேனையில், குளிர் அறை வைத்திருந்த ஓர் இறைச்சி நிறுவனத்தில். முதலில் வெளிநாட்டிலிருந்து வரும் மாட்டிறைச்சியைத் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மாட்டிறைச்சியை வெட்டிப் பார்த்தால் சிவப்புத் தசைக்குள் வெள்ளைக் கொழுப்பு நூல் நூலாக ஓடியிருக்கும். அதைத்தான் மார்பிளிங் என்கிறோம். அது கூடக் கூட இறைச்சி மெதுமையாக இருக்கும், பெரிய ஹோட்டல்கள் அதற்குத்தான் விலை கொடுக்கும். வெளியே தொங்கும் கொழுப்பை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. கொழுத்த மாடு என்று வாங்கி வெட்டினால் உள்ளே ஒரு நூலும் இராது.

இறக்குமதி இறுகிப்போன காலத்தில், உள்ளூர் மாட்டிலேயே அந்தத் தரத்தை எடுக்கலாம் என்று எங்கள் முதலாளி ஜெறோம் சேருக்கு ஒரு யோசனை வந்தது. அதற்காகப் பழைய அல்ட்ராசவுண்ட் மெஷின் ஒன்றை வாங்கினார். மாட்டின் முதுகில், கடைசி விலா எலும்புகளுக்கு மேலே மயிரைக் கத்தரித்து, எண்ணெய் பூசி, புரோப் என்கிற கைக்கருவியை வைத்தால் தசை திரையில் தெரியும். தசைக்குள் புள்ளி புள்ளியாக வெள்ளை கூடினால் மார்பிளிங் அதிகம். மெஷினோடு வந்த மென்பொருள் ஓர் எண் தரும், எண் ஏற ஏறத் தரமும் ஏறும். மாட்டை நிற்க வைத்துப் படம் பிடிப்பது ரிஸ்வானின் வேலை. படத்தைப் படித்து, மென்பொருள் தந்த எண் சரியா பிழையா என்று சொல்வது என் வேலை. உயிரோடு நிற்கிற மாட்டுக்குள் என்ன இருக்கிறதென்று சொல்லவேண்டும். சொன்னது சரியா என்று பார்க்க ஒரே ஒரு வழிதான் உண்டு, அது மாட்டுக்கு நல்ல வழி அல்ல.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி நுழைந்ததே இல்லை. நான் வெள்ளி, சஷ்டி, திவசம் என்று நாள் பார்த்து மரக்கறி சாப்பிடுகிற ஆள். மற்ற நாளில் மீனோடு சரி. அதனால் என்னைக் கேலி செய்யாதவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. ஜெறோம் சேர் மட்டும் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லுவார்: "எங்க மிஸ் ஒரு துண்டு வாயில வச்சதில்ல. ஆசை இல்லாத கண்ணு, பொய் சொல்லாது." என் பக்கத்து ஃப்ளாட் அன்ரிக்கு நான் ஸ்கேன் வேலை செய்கிறேன் என்பது வரைதான் தெரியும். மருமகளுக்கு வயிற்றில் பெடியனோ பெட்டையோ என்று பார்த்துச் சொல்லச் சொல்லி ஒருநாள் கேட்டு வந்துவிட்டா. "அன்ரி, நான் பார்க்கிறது நாலு காலுள்ளதுகளை" என்றேன். அதற்குப் பிறகு அவ என்னோடு லிஃப்டில் ஏறுவதையே குறைத்துக்கொண்டா.

சரி, அந்தப் படங்களுக்கு வருகிறேன். அப்பாவின் திவசத்துக்கு நான் இரண்டு நாள் லீவில் நின்றபோது ரிஸ்வான் மலைக்குப் போய் இந்த மூன்றையும் ஸ்கேன் பண்ணியிருந்தார். மென்பொருள் மூன்றுக்கும் ஐந்து என்று எண் கொடுத்திருந்தது. எங்களிடம் வாங்கப் பார்த்திருந்த ஒரு பெரிய ஹோட்டல் கேட்டது குறைந்தது நாலு. நான் வரும்வரை யாருக்குப் பொறுமை? ஜெறோம் சேர் அதே எண்ணை ஹோட்டல் செஃப்புக்குச் சொல்லி, லொறிக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்.

அல்ட்ராசவுண்ட் படத்தில் விலா எலும்பு வெள்ளைக் கோடாக விழும். ஒலி எலும்பைத் தாண்டிப் போகாது. ஆகவே எலும்புக்குக் கீழே கறுப்பாகத்தான் இருக்க வேண்டும், நல்ல கும்மிருட்டுக் கறுப்பு. இந்தப் படங்களில் அந்த இடமும் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. எலும்புக்குப் பின்னால் எப்படி மார்பிளிங் தெரியும்?

2. கமக்கட்டுக்குள் போத்தல்

ரிஸ்வான் என்னைவிட இருபது வயது இளையவர், மருதானைக்காரர். மாட்டுக்குப் பக்கத்தில் நின்றால் மாடே அவருக்காகக் கொஞ்சம் தள்ளி நிற்கும், அப்படிக் கைராசி. அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"ரிஸ்வான், கெயின் கூட்டினனீரோ?"

கெயின் என்பது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டுகிற குமிழ். நாங்கள் அதை ஒரே இடத்தில் வைத்து ரேப் என்கிற ஒட்டுநாடாவை ஒட்டியிருந்தோம், யாரும் தொடக்கூடாது என்று.

"கொஞ்சம் கூட்டின மிஸ். படம் கறுப்பா வந்த. ஒண்டும் வெளங்கல்ல."

"ஏன் கறுப்பா வந்தது? வத்தளைக் கொட்டில்ல ஒருநாளும் வரேல்லையே."

"அங்க கடுங்குளிர் மிஸ். விடியப்பொறம் ஸ்கேன் பண்ணின. எண்ணெ போத்தலுக்குள்ள கட்டியாகி ஈக்கி. நான் போத்தல கமக்கட்டுக்குள்ள வச்சி சூடாக்கி சூடாக்கித்தான் ஊத்தின."

நான் கதிரையில் சாய்ந்துவிட்டேன். அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கிய தேங்காய் எண்ணெய்! மெஷின் விற்றவர்கள் சமையல் எண்ணெய் எதுவும் பாவிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கொழும்பில் சமையல் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய்தான், யார் வேறு யோசிப்பார்கள்? இங்கே அது உறைந்து நாங்கள் கண்டதில்லை. மலையில், விடிகாலைக் குளிரில், மாட்டின் மயிருக்குள் அது மெழுகு மாதிரிப் பிடித்திருக்கிறது. நடுவில் காற்று. காற்று நடுவில் இருந்தால் ஒலி உள்ளே போகாது, படம் இருட்டும். இருட்டியதும் ரிஸ்வான் கெயினைக் கூட்டினார். கெயினைக் கூட்டினால் இல்லாத புள்ளியெல்லாம் வெள்ளையாக வரும். மென்பொருள் பாவம், வெள்ளைப் புள்ளியை எண்ணி ஐந்து என்று போட்டுவிட்டது. தேங்காய் எண்ணெய்க்கும் குளிருக்கும் நடுவே மாடு என்ன செய்யும்.

"அப்ப அந்த ஐந்து?" என்று ரிஸ்வான் கேட்டார். முகம் வெளிறிவிட்டது.

"அது மாட்டின்ர எண் இல்லை. உம்மட கமக்கட்டின்ர எண்."

பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

3. சொன்ன சொல்

ஜெறோம் சேர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். உரத்த குரல், தாராளமான கை. மேசைக்கு மேலே மாதா படம், அதற்குக் கீழே செல்போன் இரண்டு. விசயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது.

"மிஸ், நான் ஹோட்டலுக்குச் சொல்லிட்டேன். அஞ்சுன்னு சொல்லிட்டேன். இப்ப திருப்பி என்னத்தச் சொல்ல?"

"திரும்ப ஸ்கேன் பண்ணும்வரைக்கும் ஒண்டும் சொல்லேலாது எண்டு சொல்லுங்கோ."

"நாளைக்கு மடுவத்துல எடம் எடுத்திருக்கேன். நாளைக்கு விட்டா நாளன்னைக்கு போயா. போயாவுக்கு அடுத்த நாள் செஃப் வந்து வெட்டுப் பாக்குறார். இந்த ஒரு நாள் போனா, அந்த ஆள திரும்பப் புடிக்க ஏலாது."

மடுவம் என்பது அரசாங்க அனுமதியுள்ள மாடு வெட்டும் இடம். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் நாடு முழுக்க அது பூட்டியிருக்கும். வெட்டிய இறைச்சி நன்றாகக் குளிர்ந்து இறுகினால்தான் மார்பிளிங் தெரியும். அதனால் போயாவுக்கு முதல்நாள் வெட்டி, போயா முழுவதும் எங்கள் குளிர் அறையில் தொங்கவிட்டு, அடுத்த நாள் விலாவுக்கு நடுவே வெட்டி செஃப்புக்குக் காட்டுவதுதான் திட்டம். நல்ல திட்டம்தான். எண்தான் பிழை.

"வெட்டி, நாலுக்குக் கீழ வந்தால்?" என்று கேட்டேன்.

அவர் செல்போன் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். ஹோட்டல் போய்விடும், ஸ்கேன் வேலை நின்றுவிடும். அந்த மூன்று மாட்டுக்காரர் அந்தோனியின் கதி என்ன? அதை நினைக்கத்தான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அந்தோனி மலைநாட்டுத் தமிழர். பால்மாடு வைத்திருந்தவர். ஜெறோம் சேரின் பேச்சை நம்பி, கரட் கிழங்கு போட்டிருந்த நிலத்தில் மாட்டுப் புல் வளர்த்து, ஜேர்சிக் கலப்பு நாம்பன் கன்றுகளை இரண்டு வருடமாகத் தீனி போட்டு வளர்த்திருந்தார். இந்த மூன்றும் முதல் தொகுதி. கொட்டில் நிறைய இன்னும் கன்றுகள் நின்றன. முதல் வெட்டு விழுந்துபோனால் அத்தனையும் சாதாரண விலைக்குத்தான் போகும். அதோடு அவருடைய காணியும் கரட்டுக்கு ஆகாது, மாட்டுக்கும் ஆகாது.

"சேர், நான் இப்பவே வத்தளைக்குப் போறன். ஸ்கேன் பண்ணிப்போட்டு வந்து சொல்லுறன். அதுக்குப் பிறகு வெட்டுறதோ விடுறதோ உங்கட விருப்பம்."

"போங்க, போங்க" என்றார். என்னை அனுப்பினாரா துரத்தினாரா என்று எனக்கு விளங்கவில்லை.

4. வத்தளைக் கொட்டில்

மாடுகளை மடுவத்துக்கு அனுப்பும் முன் நிறுத்தி வைக்க வத்தளையில் எங்களுக்கு ஒரு கொட்டில் இருந்தது. நாங்கள் போனபோது லொறி வந்துவிட்டிருந்தது. மத்தியான வெயில். குளிரிலிருந்து வந்த மாடுகள் நாக்கை வெளியே விட்டு மூச்சு வாங்கின. அந்தோனியும் லொறியோடேயே வந்திருந்தார். வேறு யார் தீனி வைத்தாலும் அவை வாய் வைக்காது என்றார். கம்பளிச் சட்டையைக் கழற்றாமலே வாளி வாளியாகத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னாங்க மிஸ், மறுபடியும் படமா?"

"ஓம் அந்தோனி. மலையில எடுத்த படம் வடிவாய் வரேல்லை."

"அஞ்சுன்னு சொன்னாங்களே?"

நான் மெஷினை இறக்குகிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மலையில் மாடு நிற்க இரும்புச் சட்டம் உண்டு. இங்கே இரண்டு கம்பத்துக்கு நடுவே கயிறு கட்டித்தான் நிறுத்த வேண்டும். முதலாவது மாடு பயத்தில் ஒருமுறை உதைத்தது, ரிஸ்வானின் முழங்காலில் பட்டது. அவர் நொண்டிக்கொண்டே திரும்பப் பக்கத்தில் போனார். தேங்காய் எண்ணெய் அந்த வெயிலில் தண்ணீர் மாதிரி ஓடியது. அவர் பழைய எண்ணெயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, புதிதாகப் பூசி, புரோப்பை வைத்தார். நான் கெயினைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

எலும்பு வெள்ளைக் கோடாக விழுந்தது. அதற்குக் கீழே கறுப்பு. கும்மிருட்டுக் கறுப்பு. அதைக் கண்டதும் முதலில் சந்தோசப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகுதான் எலும்புக்கு மேலே தசையைப் பார்த்தேன். அங்கும் அதிகம் வெள்ளை இல்லை.

முதலாவது, இரண்டு. இரண்டாவது, இரண்டு. மூன்றாவது, நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ளது, கொஞ்சம் பரவாயில்லை. திரும்பத் திரும்ப எடுத்தோம். மூன்று. எந்தப் படத்திலும் நாலு வரவில்லை.

அந்தோனி திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை அந்தோனி. இன்னும் கொழுப்புக் காணாது. இதுகளுக்கு இன்னும் சில மாதம் தீனி வேணும்."

"என்னா பேசுறீங்க மிஸ்?" குரல் ஏறியது. "அஞ்சுன்னு சொல்லித்தானே லொறியில ஏத்துனீங்க? தீனி தீனின்னா, தீனி வானத்துல இருந்தா விழுது? அந்த மெஷினுக்கு அன்னைக்கு ஒரு கண்ணு, இன்னைக்கு ஒரு கண்ணா?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. தேங்காய் எண்ணெய்க் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார், நம்பினாரா என்று தெரியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மாட்டிடம் போய்விட்டார்.

ஜெறோம் சேருக்குப் போனில் சொன்னேன். மறுமுனையில் கொட்டாஞ்சேனை பஸ்களின் ஹோர்ன் சத்தம் கேட்டது.

"சுழி மாட்ட வெட்டுறோம்" என்றார் கடைசியில். "மத்த ரெண்டும் நிக்கட்டும். செஃப் வாறார், அவருக்கு ஒண்ணாவது காட்டத்தான் வேணும். மூணுக்கும் நாலுக்கும் என்ன பெரிய தூரம்? வெட்டினா நாலு வந்துடும், மாதா துணை. மிஸ், ஒண்ணு கேட்டுக்கங்க. செஃப்புக்கு முன்னால நீங்க வாய் திறக்கக் கூடாது."

5. போயா

மறுநாள் சுழி மாடு மடுவத்துக்குப் போனது. நான் அங்கே போவதில்லை, ஒருநாளும் போனதில்லை. மத்தியானத்துக்கு மேல் இறைச்சி குளிர் அறைக்கு வந்து சேர்ந்தது. குளிர் அறையின் கனத்த கதவைச் சாத்தும்போது உள்ளே தொங்குவதை ஒருமுறை பார்த்தேன். வெளியில் கொழுப்பு அழகாகத்தான் இருந்தது. வெளியில் எப்போதும் அப்படித்தான்.

அடுத்த நாள் போயா. வெள்ளவத்தை அமைதியாக இருந்தது. கடற்கரைப் பக்கம் வெள்ளை உடுப்போடு சனம் போய் வந்தது. அந்தோனி ஜிந்துப்பிட்டியில் தங்கச்சி வீட்டில் தங்கியிருந்தார். காலையில் ரிஸ்வான் போன் பண்ணி, முழங்கால் வீங்கிவிட்டதாகவும், அந்தோனி தன்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை என்றும் சொன்னார்.  மூன்று என்று நான் சொன்னதே பிழையாக இருந்தால்? வெயிலில் மாடு மூச்சு வாங்கும்போது எடுத்த படம். அது நாலாக இருந்தால், நல்ல மாட்டின் பெயரைக் கெடுத்தவள் நான். அது மூன்றாக இருந்தாலும் ஒருவருக்கும் நன்மை இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் சுவர்.

என் கணவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிற ஆள். பத்திரிகையை மடித்துவிட்டுக் கேட்டார்:

"நாளைக்கு வெட்டினால் எல்லாருக்கும் தெரியும்தானே? அதுக்குள்ள நீர் ஏன் முந்திக்கொண்டு சொல்லவேணும்? வாயைத் திறக்காதையும் எண்டு முதலாளியே சொல்லிப்போட்டார். சும்மா இரும்."

"வெட்டினாப் பிறகு சொல்லுறதுக்கு ஸ்கேன் என்னத்துக்கு? அதுக்குக் கத்தி போதும்."

கோபத்தில் வந்த சொல்தான். ஆனால் சொல்லிய பிறகு நான் என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்கே தெளிந்துவிட்டது. வெட்டுவதற்கு முன்னால் சொல்லாவிட்டால், நாங்கள் இரண்டு வருடமாகச் செய்தது வெறும் படம் காட்டும் வேலை. அடுத்த முறை உண்மையாகவே ஐந்து வந்தாலும் யார் நம்புவார்கள்? அந்தோனியின் கொட்டிலில் நிற்கிற மற்றக் கன்றுகளுக்கும் அந்த நம்பிக்கைதானே ஒரே வழி. வேலை போனாலும் போகட்டும் என்று பாயில் படுத்தேன். படுத்ததோடு சரி, நித்திரை வரவில்லை.

6. வெட்டு

செஃப் உயரமான, அதிகம் பேசாத சிங்களவர். எங்கள் குளிர் அறைக்குள் வந்து, நாங்கள் கொடுத்த தடித்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, இறைச்சியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஜெறோம் சேர் அவருக்குப் பின்னால் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். மலைக் காற்று, நல்ல புல், ஜேர்சிக் கலப்பு என்று எல்லாவற்றையும் சொன்னார், எண்ணை மட்டும் சொல்லவில்லை. ரிஸ்வான் நொண்டியபடி ரம்பத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அந்தோனி கதவோரத்தில் கம்பளிச் சட்டையோடு. அந்த அறையில் குளிராதவர் அவர் ஒருவர்தான்.

செஃப் நின்றார். ஜெறோம் சேரைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"மிஸ், மெஷின் எக்க மொகத கிவ்வே?"

மெஷின் என்ன சொன்னது என்று கேட்கிறார். ஜெறோம் சேர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. அதில் கோபம் இருந்ததைவிடக் கெஞ்சல்தான் கூட இருந்தது. மனுசன் இதற்காக வங்கியில் கடன் பட்டிருந்தார், அதுவும் எனக்குத் தெரியும். 

"துனய்" என்றேன். மூன்று. பிறகு சிங்களத்திலேயே விளக்கினேன். முதலில் ஐந்து என்று சொன்னது மலையில் எண்ணெய் உறைந்து பிழையாக வந்த படம், திரும்பக் கொழும்பில் எடுத்துப் பார்த்தோம், இதில் நாலு இல்லை, வெட்டினாலும் வராது என்றேன்.

 ஜெறோம் சேர் நிலத்தைப் பார்த்தார். செஃப் கையுறையைக் கழற்றினார். போகப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் கழற்றிய கையால் மூக்கைத் துடைத்துவிட்டுக் கையுறையைத் திரும்பவும் மாட்டினார்.

"வெட்டுங்கள்" என்று சைகை காட்டினார்.

ரிஸ்வான் கடைசி விலாக்களுக்கு நடுவே கத்தியை இறக்கி, எலும்பில் ரம்பத்தைப் போட்டார். வெட்டு முகம் விரிந்தது. புதிதாக வெட்டிய தசை நாவல்பழ நிறத்தில் இருண்டுதான் இருக்கும். காற்றுப் பட்டு மெல்ல மெல்லச் சிவந்த பிறகுதான் கொழுப்பு நூல்கள் கண்ணுக்குத் தெரியும். அதுவரை நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவசரப்படுத்த வழி இல்லை.  அந்தோனி கதவை விட்டு ஒவ்வொரு அடியாக முன்னால் வந்துகொண்டிருந்தார்.

சிவப்பு ஏறியது. வெள்ளை நூல்கள் தெரியத் தொடங்கின. இன்னும் கொஞ்சம் கூடாதா என்று நானே மனதுக்குள் கெஞ்சினேன். நான் பிழையாகப் போவதில் அன்றைக்கு எனக்கு ஒரு வருத்தமும் இருந்திராது.

செஃப் தன் பையிலிருந்து தர அட்டையை எடுத்தார். ஒவ்வொரு தரத்துக்கும் ஒவ்வொரு படம் அச்சடித்த அட்டை அது. வெட்டு முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். நாலாம் படம். தலையை ஆட்டினார். மூன்றாம் படம். அதிலேயே கையை நிறுத்தினார்.

மூன்று. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்தோனியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. செஃப் அட்டையை மடித்து வைத்தார்.

"மற்ற இரண்டு?" என்று கேட்டார்.

"இப்ப வெட்டினால் இரண்டுதான். இன்னும் நாலு மாதம் தீனி போட்டு, நான் திரும்ப ஸ்கேன் பண்ணிச் சொல்லுவன். இப்ப சத்தியம் பண்ணமாட்டன்."

 அவர் சுழி மாட்டைத் தன் ஊழியர் சாப்பாட்டுக்கு எடுப்பதாகவும், சாதாரண விலைதான் என்றும் சொன்னார். பிறகு ஜெறோம் சேரிடம் திரும்பினார். நாலு மாதத்துக்குப் பிறகு இந்த மிஸ் போன் பண்ணட்டும், நீங்கள் பண்ண வேண்டாம் என்றார்.

அவர் போனதும் ஜெறோம் சேர் ஒரு பெட்டியில் குந்திவிட்டார். நெற்றியைத் துடைத்தார். அந்தக் குளிருக்குள் அவருக்கு வேர்த்திருந்தது.

"மிஸ், உங்கள வேலைய விட்டு நிப்பாட்டணும்னு நெனச்சேன்."

"எப்ப சேர்?"

"நீங்க துனய்னு சொன்னதிலேர்ந்து, அந்த ஆள் அட்டைய மடிச்சு வைக்கிற வரைக்கும்."

அவர் சிரித்தார், ரிஸ்வானும் சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தோனி மட்டும் சிரிக்கவில்லை. வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்று, "கொட்டில்ல நீங்க இல்லேன்னு சொன்னப்ப, வாளியால ஒங்க தலையில போடலாமான்னு இருந்திச்சி மிஸ்" என்றார். அதைவிடப் பெரிய நன்றி எனக்கு அந்த வேலையில் யாரும் சொன்னதில்லை.

7. மலையில்

மற்ற இரண்டையும் அந்தோனி மலைக்குத் திரும்பக் கொண்டுபோயிருந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு நானே அங்கே போனேன். ரிஸ்வான் பிளாஸ்க்கில் கொண்டுவந்த சுடுதண்ணீரை வாளியில் ஊற்றினார், எண்ணெய்ப் போத்தல் அதற்குள் நின்றது. தேங்காய் எண்ணெய் இல்லை, சூரியகாந்தி. வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். கெயின் குமிழில் புது ரேப் ஒட்டியிருந்தது.

முதல் மாடு, நாலு. இரண்டாவது மாட்டில் புரோப்பை வைத்ததும் எலும்புக்கு மேலே தசை முழுவதும் மெல்லிய வெள்ளைப் புள்ளிகள், நல்ல மழை நாளில் கண்ணாடியில் துளி தெறித்த மாதிரி. ஐந்து. இது உண்மையான ஐந்து. ரிஸ்வான் சத்தம் போட்டுவிட்டார்.

"அந்தோனி, சரி. ரெண்டும் ரெடி" என்றேன்.

இல்லை என்று சொன்ன அன்று அவர் என்னோடு சண்டைக்கு வந்தார். இன்று ஐந்து வந்த மாட்டுக்கு முன்னால் போய், அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அது வழக்கம் போல அவருடைய சட்டைக் கையை நக்கியது. நான் எதைத் தயார் என்று சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்கு நெஞ்சில் உறைத்தது. இத்தனை வருடம் எண் சொல்லியிருக்கிறேன், ஒருநாளும் அப்படி உறைத்ததில்லை.

பிறகு திரும்பாமலே கேட்டார்: "லொறி எப்ப மிஸ் வரும்?"

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, எண்ணெய், கெயின், எலும்பு நிழல் எல்லாம் ஒரு கிழமையில் பழகிவிடும். நான் சொல்ல நினைத்தது வேறு. எண்ணைச் சொல்லும்வரை மாட்டுக்காரரின் முகத்தைப் பார்க்காதீர்கள், பார்த்தால் எண் மாறும். சொன்ன பிறகு கட்டாயம் பாருங்கள்.